விசாரம் தீரும் வழி

மதுரை மீனாட்சி அம்மன் திருக்கோயிலின் தெற்குக் கோபுரத்துக்கு அருகே, கடைகளும் வண்டிகளும் நெருக்கியடிக்கும் வீதிகளுக்கு நடுவில், சொக்கப்ப நாயக்கன் தெரு என்று ஒரு சிறு தெரு உண்டு. அங்கே 11ஆம் எண் வீட்டுக்கு இன்று ‘ரமண மந்திரம்’ என்று பெயர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே அடியெடுத்து வைப்பவர்களுக்குத் தெருவின் இரைச்சல் சற்றே பின்வாங்கிவிட்டதுபோல் தோன்றும். அங்கயற்கண்ணியையும் சொக்கநாதரையும் தரிசித்துத் திரும்பும் அடியார்களில் சிலர், அங்கே சிறிது நேரம் கண்மூடி அமர்ந்த பிறகே வீடு செல்வது வழக்கம்.

அப்படி வந்து அமரும் முதியவர்கள் நெஞ்சில் எதைச் சுமந்து வருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மூன்று நான்கு செய்திகளே திரும்பத் திரும்ப வரும். கடல் கடந்து வாழும் மகன் இந்த வாரம் பேசவில்லை. மருமகளுக்கும் மகளுக்கும் நடுவே பேச்சு நின்றுவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் கூட்டியிருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு உறக்கம் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று கிடக்கும்: ‘எனக்குப் பின் இவருக்கு யார்? இவருக்குப் பின் எனக்கு யார்?’

இக்காலத்தவர் இதை மன அழுத்தம் என்கின்றனர். முந்தைய தலைமுறையினர் விசாரம் என்றனர். “பிள்ளையிடமிருந்து கடிதம் வரவில்லையே என்று விசாரமாக இருக்கிறது” என்று சொன்ன பாட்டிமார் பலர். அதே சொல்லுக்கு ஆராய்ச்சி என்ற பொருளும் உண்டு. ஆத்ம விசாரம் என்னும்போது அந்தப் பொருளே வருகிறது. ஊரிலிருந்து வந்தவரிடம் “வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்பதை நலம் விசாரித்தல் என்கிறோம். கவலைக்கும், ஆராய்ச்சிக்கும், அன்போடு கேட்டறிவதற்கும் தமிழ் வழக்கு ஒரே சொல்லை வைத்திருக்கிறது. நோயும் மருந்தும் ஒரே சொல்லுக்குள் இருப்பதைச் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டின் கதை எடுத்துக்காட்டுகிறது.

மாடி அறையில் வந்த அச்சம்

1879ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன வேளையில், திருமேனிநாதர் எழுந்தருளியிருக்கும் திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். தந்தை சுந்தரமய்யர்; தாயார் அழகம்மாள். 1892இல் தந்தை காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த மகன் நாகசுவாமியும் அடுத்தவரான வேங்கடராமனும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்தனர். தாயார் இளைய பிள்ளைகளுடன் மானாமதுரையில் மைத்துனர் நெல்லையப்பையரின் ஆதரவில் தங்கினார். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்து, தாயையும் பிரிந்து வாழ்ந்த சிறுவன் அவர்.

பார்ப்பவர்களுக்கு அவரிடம் எந்தக் குறையும் தெரிந்ததில்லை. ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். படிப்பைக் காட்டிலும் பந்தாட்டமும் மல்யுத்தமும் அவருக்கு உவப்பானவை. நல்ல உடற்கட்டு, உறக்கமோ அளவற்றது. தூங்கும்போது தோழர்கள் தூக்கிக்கொண்டு போய் அடித்தாலும் விழிப்பு வராது என்று அவரே பிற்காலத்தில் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

அத்தகைய பிள்ளைக்கு, 1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், சிற்றப்பா வீட்டு மாடியறையில் தனியாக அமர்ந்திருந்தபோது, சாகப்போகிறோம் என்ற அச்சம் திடீரென்று பிடித்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அச்சத்துக்குக் காரணமாக எதுவும் நடக்கவும் இல்லை. ஆயினும் அது ஐயத்துக்கு இடமில்லாத அச்சமாக இருந்தது.

நடு இரவில் விழித்துக்கொண்டு, நெஞ்சு படபடக்க, வியர்வை அரும்பப் படுக்கையில் எழுந்து அமர்ந்த முதியவர் எவருக்கும் இந்த அனுபவம் புதிதாக இராது. அந்த நேரத்தில் மனம் தேடுவது ஒரே ஒன்றைத்தான்: தப்பி ஓட ஓர் இடம். விளக்கைப் போடுதல், தொலைக்காட்சியைப் போடுதல், கைப்பேசியை எடுத்தல், எதையாவது உண்ணுதல் எல்லாம் அந்த ஓட்டத்தின் வகைகளே.

வேங்கடராமன் ஓடவில்லை. மருத்துவரையோ பெரியவர்களையோ அழைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. சாவு வந்துவிட்டது என்றால் சாவது எது என்று பார்த்துவிட முனைந்தார். கை கால்களை நீட்டி, பிணத்தைப் போல் விறைத்துப் படுத்தார். உதடுகளை இறுக மூடி, மூச்சையும் அடக்கினார். இந்த உடலைத் தூக்கிச் சென்று எரித்துவிடுவார்கள். அத்துடன் ‘நான்’ என்பதும் எரிந்துவிடுமா என்று தம்முள் ஆராய்ந்தார். உடல் அசைவற்றுக் கிடக்கையிலும் ‘நான்’ என்ற உணர்வு முழு வலிமையோடு விளங்குவதைக் கண்டார். அந்த அச்சம் அன்றோடு ஒழிந்தது. பின்னர் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் இவ்வுலகில் வாழ்ந்தார்; அது திரும்பி வரவே இல்லை.

கவலை என்னும் விசாரம், ஆராய்ச்சி என்னும் விசாரமாக மாறிய நிகழ்ச்சி அது. பின்னாளில் பகவான் ரமண மகரிஷி என்று உலகம் போற்றிய ஞானியின் உபதேசம் முழுவதற்கும் அந்த மாடியறையே ஊற்றுக்கண்.

உடல் அறிந்த செய்தி

இந்நிகழ்ச்சியைப் படிப்போர் இரண்டு செய்திகளைத் தனித்தனியே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்று, அச்சம் ஏன் வளர்கிறது என்பது. 1936இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணிபுரிந்த ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர், வெவ்வேறு தீங்குகள் நேர்ந்தாலும் உடல் ஏறத்தாழ ஒரே வகையாகவே எதிர்வினை புரிகிறது என்று எழுதினார். மன அழுத்தம் பற்றிய இன்றைய மருத்துவச் சிந்தனையின் தொடக்கங்களில் அது ஒன்று. புலியைக் கண்டாலும், மகனின் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்து எடுக்கப்படாமல் போனாலும், உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. புலி போய்விட்டால் உடல் ஆறிவிடும். மனத்தில் குடியேறிய புலியோ போவதில்லை. நாள் கணக்கில் அந்நிலை நீடிக்கும்போது கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுந்து, உறக்கம் கெடுகிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது; சர்க்கரை நோயுள்ளவர்களுக்குச் சர்க்கரையும் கட்டுப்பட மறுக்கிறது.

அஞ்சி விலகும்தோறும் அச்சம் பெருகும் என்பதையும், தகுந்த துணையோடு சிறிது சிறிதாக அதன் எதிரே நிற்கப் பழகினால் அது தணியும் என்பதையும் இக்கால உளவியல் ஏற்றுக்கொண்டுள்ளது. பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் எவரும் சொல்லித் தராமலே அதன் எல்லை வரை சென்றுவிட்டான்.

மற்றொன்று, ஞானிக்கு வாய்த்ததை எல்லாரும் அப்படியே செய்து பார்க்கலாகாது என்பது. அவர் நோயற்ற இளைஞர். அறுபதைக் கடந்த ஒருவருக்கு மார்பில் இறுக்கமோ, இடக்கையிலும் தாடையிலும் பரவும் வலியோ, மூச்சுத்திணறலோ, குளிர்ந்த வியர்வையோ ஏற்படுமாயின், அது வெறும் பயமா மாரடைப்பா என்று வீட்டில் அமர்ந்து ஆராய்வதற்கு நேரமில்லை. உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்வதே முறை. இதயத்தில் குற்றமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே அச்சத்தைப் பற்றிய விசாரம். மூச்சை அடக்கிப் பழகுவதும் இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு உகந்ததன்று.

அவர்களுக்கு ஏற்றது மூச்சை மெதுவாக விடுதல். நாமஜபம் செய்பவர்கள் அறியாமலே இதைச் செய்கிறார்கள். 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், இத்தாலியைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டி முதலியோர் 23 பேரை ஆராய்ந்தனர். கிறித்தவ ஜெபமாலை ஜெபத்தையும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரத்தையும் ஓதியபோது, இரண்டிலும் அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற நிதானத்துக்கு இறங்கியது. இதயத் துடிப்பின் ஒழுங்கும் சீர்பட்டது. பழக்கப்பட்ட ஒரு நாமத்தை நிதானமாக, ஒரு மூச்சுக்கு ஒரு முறை என்று சொல்லி வருவது உடலுக்கும் இளைப்பாறுதல் தரக்கூடும் என்பதை இந்தச் சிறிய ஆய்வு சுட்டுகிறது. அவசரமாக எண்ணிக்கையை முடிக்கும் ஜபத்தில் அந்தப் பயன் குறைந்துவிடும்.

மாலைதோறும் சந்நிதியில்

அச்சம் நீங்கிய பிறகு வேங்கடராமன் செய்தது முதியவர்களுக்கு மிகவும் நெருக்கமானது. அதற்கு முன் எப்போதாவது தோழர்களுடன் கோயிலுக்குச் சென்று, திருநீறு குங்குமம் இட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். அதன் பிறகு மாலைதோறும் தனியாகச் செல்லத் தொடங்கினார். சொக்கநாதர், மீனாட்சி அம்மை, நடராசர் ஆகியோர் சந்நிதிகளிலும், அறுபத்து மூவர் திருவுருவங்களுக்கு முன்பும் நெடுநேரம் நிற்பார். கண்களில் நீர் பெருகும். அந்த நாயன்மார்களின் வரலாற்றைப் பெரிய புராணத்தில் அவர் முன்னரே படித்து நெகிழ்ந்திருந்தார். பல வேளைகளில் அவர் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை; நின்று அழுதார், அவ்வளவே.

மதுரைக் கோயிலுக்கு நாள்தோறும் செல்லும் மூத்தவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டுப் புன்னகைக்கலாம். வேண்டுதல் பட்டியலோடு செல்லும் நாளைவிட, பேசாமல் பொற்றாமரைக் குளத்துப் படியில் அமர்ந்திருந்து வரும் நாளில் மனம் இலேசாகிறது என்பது அவர்கள் அறிந்ததுதான். ஆடி வீதியைச் சுற்றி நடக்கும்போது கால்களுக்குப் பயிற்சி கிடைக்கிறது. கோபுரத்தைப் பார்க்கத் தலை நிமிர்கிறது. தினமும் எதிர்ப்படும் முகங்கள் அறிமுகமாகின்றன, ஒரு நாள் வராவிட்டால் “நேற்று ஏன் காணவில்லை?” என்று கேட்க ஒருவர் இருக்கிறார். கோயில் தரும் மருந்துகளில் இந்தக் கேள்வியும் ஒன்று.

கவலை வேண்டாம் என்று ஒரு கடிதம்

பக்தி நூல்கள் பெரும்பாலும் மகனின் கதையோடு மேலே சென்றுவிடும். ஆனால் அதே நாட்களில், வைகைக் கரையில், மானாமதுரையில் வேறொரு கதை தொடங்கியது.

1896 ஆகஸ்ட் 29. படிப்பில் கவனமில்லாததற்குத் தண்டனையாக, ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரும்படி வேங்கடராமனுக்கு ஆசிரியர் பணித்திருந்தார். இரண்டு முறை எழுதியவர், ஏட்டை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படி இருப்பவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்ற பொருளில் அண்ணன் நாகசுவாமி ஒரு சொல் சொன்னார். அது தம்பிக்குச் சுடவில்லை; உண்மையாகப் பட்டது. பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று கூறி எழுந்தார். “அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துச் சென்று என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடு” என்றார் அண்ணன். அதில் மூன்று ரூபாயை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டு வேங்கடராமன் புறப்பட்டார். தந்தையைத் தேடி அவர் ஆணைப்படி செல்வதாகவும், இதற்காக எவரும் வருந்த வேண்டாம் என்றும், தேடுவதற்குப் பணம் செலவிட வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தார். செப்டம்பர் முதல் நாள் அருணாசலேசுவரர் சந்நிதியில் நின்றார்.

எவரும் வருந்த வேண்டாம் என்று எழுதிவைத்துச் சென்றுவிடலாம். எழுதப்பட்டதால் ஒரு தாய் வருந்தாதிருப்பாளா? கணவனை இழந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினாறு வயது மகன் எங்கே இருக்கிறான், உண்டானா உறங்கினானா, உயிரோடு இருக்கிறானா என்று அறியாமல் அழகம்மாள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தவித்தார். ‘கவலைப்படாதே’ என்பது உலகில் மிகுதியாகச் சொல்லப்படும் ஆறுதல். மிகக் குறைவாகப் பயன் தருவதும் அதுவே.

செய்தி வந்த வழியும் மதுரைதான். 1898இல் சிற்றப்பா சுப்பையர் காலமானபோது உறவினர் எல்லாரும் மதுரையில் கூடினர். திருவண்ணாமலையில் வேங்கடராமன் என்ற இளைஞர் மௌனத் தவத்தில் இருப்பதாக, திருஞானசம்பந்தர் மடத்தில் ஒரு தம்பிரான் சொல்லக் கேட்ட பையன் ஒருவன் அங்கே வந்து தெரிவித்தான். நெல்லையப்பையர் சென்று பார்த்தார், அழைத்தார், பயனில்லை. அவ்வாண்டின் இறுதியில் அழகம்மாளே மூத்த மகனுடன் புறப்பட்டார்.

பவழக்குன்றில்

பவழக்குன்றில் பாறை மீது கிடந்தார் மகன். உடம்பில் அழுக்கேறி, தலை சடை பிடித்திருந்தது. ஆயினும் தாய் ஒரு பார்வையில் அடையாளம் கண்டுகொண்டார். பல நாட்கள் தின்பண்டங்களுடன் வந்து, வீட்டுக்கு வரும்படி கெஞ்சினார், கதறினார். அவர் அசையவில்லை, வாய் திறக்கவும் இல்லை. அங்கிருந்த அன்பர் ஒருவர் மனம் பொறாமல், எழுதியாவது காட்டுங்கள் என்று வேண்டினார். அவரவர் வினைக்கேற்ப ஆண்டவன் ஆட்டுவிக்கிறான். நடக்கக்கூடாதது என்ன முயன்றாலும் நடவாது, நடக்க வேண்டியது என்ன தடுத்தாலும் நில்லாது. ஆகவே மௌனமாக இருத்தலே நன்று என்ற கருத்தில் அவர் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சிறு குறிப்பு இன்று பலருக்கு அருள்வாக்கு. வேதனையில் இருப்போர் அதை நினைத்து ஆறுதல் அடைவதும் உண்மை. ஆனால் அன்று அதைப் பெற்றுக்கொண்டு மானாமதுரைக்கு இரயில் ஏறிய தாயின் மனத்தில் அது உடனே அமைதியைத் தந்ததா? இரண்டு ஆண்டுகளுக்குள், 1900இல், மூத்த மகன் நாகசுவாமியும் காலமானார். அடுத்தடுத்து விழுந்த அடிகளைத் தாங்கிய அந்த அம்மையாருக்குத் தத்துவம் மட்டும் போதுமானதாக இருந்திராது.

அதைத் தத்துவம் எழுதியவரும் அறிந்திருந்தார் என்பதை அடுத்து நடந்தவை காட்டுகின்றன. 1914இல் தாயார் திருவண்ணாமலைக்கு வந்திருந்தபோது கடும் காய்ச்சலில் விழுந்தார். விரூபாட்சக் குகையில் மகரிஷி தம் கையாலேயே அவருக்குப் பணிவிடை செய்தார். அதோடு நில்லாமல், தாயின் காய்ச்சலைத் தீர்க்கும்படி அருணாசலனை வேண்டிப் பாடல்களும் இயற்றினார். விதிப்படியே யாவும் நடக்கும் என்று முன்பு எழுதிக் கொடுத்த அதே கை, பதினாறு ஆண்டுகள் கழித்துத் தாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. அழகம்மாள் பிழைத்தெழுந்தார்.

விசாரம் என்ற சொல்லின் மூன்றாவது பொருள், நலம் விசாரிக்கும் பொருள், அங்கே நிறைவேறியது.

வெங்காயமும் அடுப்பும்

1916இல் அழகம்மாள் மகனுடனேயே தங்கிவிட வந்து சேர்ந்தார். சிறிது காலத்தில் அனைவரும் மலைமேல் உள்ள கந்தாசிரமத்துக்குக் குடியேறினர். அதுவரை அங்கிருந்தவர்கள் பிச்சை ஏற்றும், அன்பர்கள் கொண்டுவருவதை உண்டும் வந்தனர். தாயார் வந்த பிறகு அடுப்பு மூண்டது. துறவிகளின் குகையில் சமையல் மணம் வீசிற்று. இருபது ஆண்டுகள் ஒரு பிள்ளைக்குச் சோறிட முடியாமல் தவித்த கைகள் பலருக்குச் சோறிட்டன. இன்று ரமணாசிரமத்துக்குச் செல்வோர் பந்தியில் அமரும் உணவுக்கு அந்த அடுப்பே மூலம்.

மகன் அவரிடம் மிகுந்த தத்துவம் பேசியதாகத் தெரியவில்லை. கேலி பேசினார். ஆசாரத்தில் அழுத்தமான தாய் வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் தொடமாட்டார். “அதோ வெங்காயம், எச்சரிக்கை! மோட்சத்துக்குப் பெரிய தடை!” என்கிற பாணியில் மகன் சிரிக்க வைப்பார். நெடுங்காலக் கவலை, பொறுமையாலும் வேலையாலும் சிரிப்பாலும் அன்றாடம் சிறிது சிறிதாகக் கரைந்தது.

1922 மே 19. அழகம்மாளின் இறுதி நாள். மகரிஷி காலை முதல் இரவு வரை அருகிலேயே அமர்ந்து, வலக்கையைத் தாயின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்திருந்தார். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் மதுரை மாடியறையில் தன்னந்தனியே சாவின் எதிரே படுத்த பிள்ளை, தாயின் சாவின்போது அவரைத் தனியே விடவில்லை. அச்சத்தைத் தனியே வெல்ல முடிந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு ஒரு கை வேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே மனிதர் உணர்த்திச் சென்றார். அந்தத் தாயின் சமாதி மீது எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடைபெற்றது.

மருத்துவருக்கும் இடம் உண்டு

மகரிஷியின் இடக்கை முழங்கைக்கு அருகே தோன்றிய ஒரு கட்டி அதே 1949இல் புற்றுநோய் என அறியப்பட்டது. சாவச்சத்தைப் பதினாறு வயதில் வென்றவர், மருத்துவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவ்வாண்டில் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. அன்பர்கள் விரும்பிய மருந்துகளையும் ஏற்றார். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் உடலை விடுத்தார்.

மன நோய்க்கு மருத்துவரிடம் செல்வது பக்திக் குறைவு என்று எண்ணித் தயங்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. “சுவாமி இருக்கும்போது டாக்டர் எதற்கு?” என்பது அவர்கள் கேள்வி. “ஊர் என்ன சொல்லும்?” என்பது அவர்கள் வெளியே சொல்லாத கேள்வி. காலில் எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளும் அடியவர், மனம் முறிந்தால் மட்டும் கட்டுப் போட மறுப்பது ஏன்? இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றி, பூசையில்கூட மனம் ஒட்டாமல், வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் தலைகாட்டினால், அது வினைப்பயன் என்று ஒதுங்கி இருக்கத்தக்கதன்று. சிகிச்சை பெறத்தக்க நோய் அது. தைராய்டு குறைவு, சில சத்துக் குறைவுகள், சில மாத்திரைகளின் பின்விளைவு ஆகியவையும் முதியவர்களுக்கு மனச்சோர்வாக வெளிப்படலாம். தைராய்டு குறைவையும் சத்துக் குறைவுகளையும் இரத்தப் பரிசோதனை காட்டக்கூடும். மனத்துக்கு மருத்துவர் தரும் மாத்திரைகளைத் தாமே திடீரென நிறுத்துவதும், விரத நாட்களில் இரத்த அழுத்த மாத்திரையையும் சேர்த்து ‘விரதம்’ இருக்க வைப்பதும் ஆபத்தானவை.

மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. வெளியே செல்ல இயலாதவர்கள் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ சேவையை அழைக்கலாம். 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய இச்சேவை கட்டணமின்றி, இரவும் பகலும், தமிழிலும் கிடைக்கிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு மனிதக் குரல் ஒன்று பதில் சொல்லும் என்று அறிந்திருப்பதே சிலருக்குப் பாதி மருந்து.

எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது வீட்டாரின் விசாரிப்பு. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் பேசுவதைவிட, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் அழைப்பது பெற்றோருக்கு மிகுந்த ஆறுதல். ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லி முடிப்பதற்கு முன், ‘இன்று என்ன சமையல்? இரவு தூங்கினீர்களா?’ என்று கேட்கலாம். பெற்றோரும் தம் பங்குக்கு, எல்லாம் நலமே என்ற ஒரே விடையோடு நின்றுவிடாமல், நேற்று இரவு உறக்கம் இல்லை என்று உள்ளதைச் சொல்லலாம். அழகம்மாளைப் போல் பல நாள் கதறினால்தான் ஒரு வரி கிடைக்கும் என்ற நிலை எல்லாக் குடும்பங்களுக்கும் வேண்டியதில்லை.

பள்ளியறைக்கு எழுந்தருளும் நேரம்

மதுரைக் கோயிலில் இரவு வழிபாட்டின் இறுதியில், சொக்கநாதரின் திருப்பாதங்கள் பல்லக்கில் அம்மன் சந்நிதியிலுள்ள பள்ளியறைக்கு எழுந்தருளும். மங்கல வாத்தியம் முழங்க, சாம்பிராணிப் புகைக்கு நடுவே, அன்றைய நாள் நிறைவடையும். உலகைக் காப்பவருக்கே ஓய்வு கொள்ளும் நேரம் ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தரிசித்துவிட்டு வீடு திரும்பும் முதியவர், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே அன்றைய சுமைகளையும் அங்கேயே வைத்துவிட்டு வருவதற்கு அதைவிட நல்ல அனுமதி வேறில்லை.

உறக்கம் கலைந்து, அச்சம் வந்து அருகே அமரும் இரவுகள் அதன் பிறகும் வரும். அப்போது சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டின் பாடம் நினைவுக்கு வரலாம். எழுந்து அமர்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மூச்சை நிதானமாக விட்டு, அஞ்சுவது யார் என்று ஒரு முறை பார்க்கலாம். அது இயலாதபோது, பக்கத்தில் உறங்கும் துணையைத் தொட்டு எழுப்பி, “பயமாக இருக்கிறது” என்று சொல்லலாம். முதலாவது மகன் காட்டிய வழி. இரண்டாவது அழகம்மாளின் மகன் தாயின் அருகே அமர்ந்து காட்டிய வழி. இரண்டும் அருணாசலத்துக்கே செல்லும். இரண்டும் மீனாட்சி அன்னையின் ஊரிலிருந்து புறப்பட்டவை.